86 மாடல் ஆர்எக்ஸ் 100: பழைய பாகங்களைக் காப்பாற்றலாமா, புது செட் வாங்கிப் போடலாமா?

பொருநைக்கரை (திருநெல்வேலி):

எல்லாருக்கும் வணக்கம். என் தாய்மாமா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100 இப்போது என்னிடம் வந்திருக்கிறது. 1986-இல் பதிவான வண்டி. 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர்தான் இன்னும். ஆர்சி புத்தகம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் வண்டி பல வருடம் மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில் நின்றிருக்கிறது.

இப்போதைய நிலைமை இதுதான். கிக்கர் ஒரு இம்மிகூட இறங்கவில்லை, என்ஜின் சீஸ், பிஸ்டன் உள்ளேயே இறுகிப் பிடித்துவிட்டது. டேங்க்குக்கு உள்ளே ஒரே துரு, ஆனால் வெளியே அந்தச் செர்ரி சிவப்பு பெயிண்ட் கீறல்களோடு அப்படியே இருக்கிறது, கம்பெனியில் அடித்த பெயிண்ட்தான் என்று அத்தை உறுதியாகச் சொல்கிறார். மட்கார்டு இரண்டிலும் குரோமியத்தின் மேல் புள்ளிப் புள்ளியாகத் துரு. ஆயில் பம்ப்பை யாரோ எப்போதோ கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டியிருக்கிறார்கள், பம்ப் மட்டும் ஒரு துணியில் சுற்றி டூல் பாக்ஸில் கிடந்தது. என்ஜின் கவரில் இருக்கும் ஸ்டார் ஸ்குரூக்கள் பாதிக்கு மேல் தலை மழுங்கிப் போய்விட்டன.

இங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "இதையெல்லாம் தூக்கிப் போடு தம்பி. ஆர்எக்ஸ் 135 வண்டியின் பிளாக் போட்டுக்கலாம், டேங்க், சைடு கவர், மட்கார்டு, சைலன்சர் எல்லாம் புது செட்டாகவே கிடைக்கும், பதினைந்து நாளில் ஷோரூம் வண்டி மாதிரி தருகிறேன்" என்கிறார். நல்ல மனிதர், அவர் பூட்டிய வண்டிகள் நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அப்புறம் அது மாமா ஓட்டிய வண்டியா?

என் கேள்விகள்: பழைய பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரை, காப்பாற்ற முடியுமா? குரோமியத்தைப் புதிதாகப் போட வேண்டுமா, விட்டுவிடலாமா? வெளி பெயிண்ட் கெடாமல் டேங்க்கின் உள்துருவை எடுக்க வழி உண்டா? கடைசியாக ஒன்று. ஒருவர் வந்து பார்த்துவிட்டு "இது மேட் இன் ஜப்பான் பீஸ், எனக்கே கொடுத்துவிடு" என்று பெரிய தொகை சொன்னார். விற்கப் போவதில்லை, ஆனாலும் அது உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய சாமான் (சென்னை):

தம்பி, செட் வாங்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம். உதிரி தேடுவதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், என்ஜின் விஷயத்தைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

இங்கே பழைய உதிரிகள் விற்கும் புதுப்பேட்டைக்கு வருவதாக இருந்தால் கையில் பழைய பாகத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். போட்டோ காட்டிக் கேட்டால் எது கிடைக்குமோ அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். உடைந்த துண்டாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் துளை இடைவெளியும் வளைவும் ஒத்துவருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். காலை கூட்டம் சேர்வதற்கு முன்னால் வந்தால் கடைக்காரர்கள் நிதானமாகப் பேசுவார்கள்.

யமஹா பார்ட் நம்பர் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பாதிக் கஷ்டம் தீரும். முதலில் மூன்று எழுத்து எண், அது மாடலின் குறியீடு. ஆர்எக்ஸ் 100-க்கு 1எல்1. உங்கள் என்ஜின் நம்பரிலேயே அது இருக்கும், பாருங்கள். அடுத்த ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும், எந்த யமஹாவானாலும் அது மாறாது. 11311 என்றால் பிளாக். 11631 பிஸ்டன். 11181 ஹெட் கேஸ்கட். 11351 பிளாக்குக்கு அடியில் வரும் கேஸ்கட். 13610 ரீட் வால்வு. கடைசி இரண்டு இலக்கம் திருத்தமோ நிறமோ. இது தெரிந்திருந்தால் பழைய ஸ்டாக்கில் கிடக்கும் மங்கிப்போன டப்பாவைப் பார்த்தே உள்ளே இருப்பது உங்களுக்கு ஆகுமா என்று சொல்லிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய டிசைனில் புதிதாக அச்சடித்த கம்பெனி டப்பாக்களும் சந்தையில் உலவுகின்றன. டப்பாவை நம்பாதீர்கள், பொருளைப் பாருங்கள். வார்ப்பில் எழுத்து கூர்மையாக இருக்கிறதா, ஓரங்களைச் சுத்தமாக மழித்திருக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

லேத் பட்டறை (கோயம்புத்தூர்):

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. தூக்கிப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்று தோன்றியதே, அதற்காக. நான் பீளமேடு பக்கம் லேத் வைத்திருந்தவன். பம்ப், மோட்டார் வேலைதான் பிழைப்பு. ஆனால் ஆர்எக்ஸ், ஆர்டி 350, ஓசூரில் செய்த இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100 இவற்றின் பிளாக்குகள் நிறைய என் மேஜைக்கு வந்திருக்கின்றன. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாகம் தேய்ந்திருந்தால் சரி செய்ய வேண்டும். உடைந்திருந்தால் ஒட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். இரண்டும் முடியாதபோதுதான் மாற்ற வேண்டும், அப்போதும் அதே வண்டியின் இன்னொரு பழைய பாகத்தைத் தேட வேண்டும். புது டூப்ளிகேட் கடைசி வரிசை. காரணம் பாசம் மட்டுமல்ல. அந்தக் காலத்து மட்கார்டின் தகடு கனம், போல்ட்டின் தரம், வார்ப்பின் அடர்த்தி இதெல்லாம் இப்போது செட்டாக வருவதில் இருப்பதில்லை. மட்கார்டு துளைகள் ஒத்துவராது, ராவி ராவிப் பூட்டுவார்கள். ஆறு மாதத்தில் குரோமியம் உரியும். அதற்குள் உங்கள் ஒரிஜினல் பழைய இரும்புக்கடைக்குப் போயிருக்கும். எந்த மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் சரி, கழற்றிய எல்லாவற்றையும், மழுங்கிய ஸ்குரூ உட்பட, ஒரு பெட்டியில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

அந்த ஸ்குரூவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தலை மழுங்கியதற்குக் காரணம் துரு இல்லை, தவறான டிரைவர். ஜப்பான்காரர்களின் கூட்டல்குறி ஸ்குரூ அவர்களுடைய ஜிஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) தரத்தில் செய்தது. பார்வைக்கு நம் கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் பிலிப்ஸ் டிரைவர் அதன் அடிவரை போய் உட்காராது, மேலேயே தட்டி நிற்கும். விசை கொடுத்ததும் வழுக்கி மேலே ஏறி ஓரத்தைச் சிதைத்துவிடும். நல்ல ஜிஸ் ஸ்குரூவின் தலையில் பெரும்பாலும் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கும். வெஸ்ஸல் போன்ற ஜப்பான் டிரைவர் இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது, அதில் இரண்டாம் நம்பரும் மூன்றாம் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தியால் அடித்தால் தானே ஒரு திருப்பு திருப்பும் இம்பாக்ட் டிரைவரும் வேண்டும். ஸ்குரூவைச் சுற்றி முதல் நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு, மறுநாள் ஒரே ஒரு கனமான அடி. பயந்து பயந்து பத்து அடி அடித்தால்தான் தலை போகும். ஏற்கனவே போனவற்றை நடுவில் துளையிட்டுத் தலையை மட்டும் எடுத்துவிடுங்கள். கவர் கழன்றதும் மீதித் தண்டு நீட்டிக்கொண்டு நிற்கும், பிளையரில் பிடித்துத் திருப்பினால் வந்துவிடும். நிறையப் பேர் எல்லாவற்றையும் ஆலன் போல்ட்டாக மாற்றிவிடுகிறார்கள். வேலைக்கு வசதிதான், ஆனால் என் கண்ணுக்கு அந்த என்ஜினின் முகமே மாறிப்போகிறது.

இனி என்ஜின். கிக்கரில் ஏறி நின்று மிதிக்காதீர்கள், கிக் ஷாஃப்ட்டின் பல்லோ கேஸோ போகும். பிளக்கைக் கழற்றி, ஏடிஎஃப் எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்) அசிட்டோனும் சரிபாதி கலந்து உள்ளே ஊற்றி விட்டுவிடுங்கள். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. சில நாள் கழித்து ஹெட்டின் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தால் பிஸ்டன் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும். மேக்னெட் பக்கத்து நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் மீண்டும் எண்ணெய். அவசரம் மட்டும் வேண்டாம். பிஸ்டன் போனால் பிஸ்டன் வாங்கலாம். பிளாக்கின் அடிப்பக்கத்துக்கும் கேஸுக்கும் நடுவில் ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பினால் அந்த முகம் காயமாகி, காலத்துக்கும் காற்று ஒழுகும்.

பிஸ்டன் வெளியே வந்ததும் தலையைச் சுத்தம் செய்து பாருங்கள். 25, 50 என்று எண் குத்தியிருந்தால் ஏற்கனவே போர் செய்த, அதாவது உள்சுவரைக் கடைந்து அகலமாக்கிய பிளாக். ஒன்றும் இல்லை என்றால் ஸ்டாண்டர்டு, அதாவது 50 மில்லிமீட்டர் விட்டம். ஆர்எக்ஸ் 100-இன் விட்டமும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) ஒன்றே, 50-க்கு 50, அதில்தான் 98 சிசி வருகிறது. கம்பெனி சொன்ன 11 குதிரைத்திறன், 7500 சுற்றில். ஒரு நூறு சிசி வண்டிக்கு அந்தச் சக்தியும் நூறு கிலோவை ஒட்டிய எடையும் சேர்ந்ததுதான் நம் ஊர் இளைஞர்களை மயக்கியது, வேறு மந்திரம் எதுவும் இல்லை.

போர் 0.25 மில்லிமீட்டர் படியாக ஏறும். தேவைக்கு மேல் ஒரு படிகூட எடுக்க விடாதீர்கள். 0.25-இல் சுவரின் உரசல் கோடு மறைகிறது என்றால் அதோடு நிறுத்தச் சொல்லுங்கள். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை லேத்காரர் கையில் கொடுத்து, அதன் அளவை மைக்ரோமீட்டரில் எடுத்து, அதற்கேற்பத்தான் போர் செய்ய வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் கனத்துக்கும் குறைவு. அதைக் கண்ணால் பார்த்து "சரியா இருக்குங்க" என்று சொல்கிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக் தெரியாத லேத்களில் ஒரு வேலையை விட்டுவிடுவார்கள். போர் செய்து ஹோனிங் (சுவரைக் கல்லால் மெருகேற்றுவது) முடித்ததும், சுவரில் வாயு வந்து போகும் போர்ட் ஜன்னல்களின் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். அதைச் சிறிய கல்லால் லேசாகச் சாய்த்துவிட வேண்டும். விட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். பிஸ்டன் பூட்டும்போது அம்புக்குறி சைலன்சர் பக்கம். ரிங்கின் வாய் பிஸ்டன் பள்ளத்தில் குட்டி முளை இருக்கும் இடத்தில்.

கடைசிப் படியும் தாண்டிவிட்டது என்றால் லைனர், அதாவது புது உள்குழாய், அடிக்கலாம். அதற்கு ஜன்னல்களின் உயரம் துல்லியமாகத் தெரிந்தவர் வேண்டும். எக்ஸாஸ்ட் ஜன்னல் ஒரு மில்லிமீட்டர் மேலே போனாலே வண்டியின் குணம் மாறிவிடும், கீழ் இழுவை போய்விடும்.

135 பிளாக்? அது 58 மில்லிமீட்டர் விட்டம். பொருத்துபவர்கள் இருக்கிறார்கள், வேகமாகவும் ஓடும். ஆனால் அது வேறு வண்டி. நீங்கள் கேட்டது மாமாவின் வண்டியை.

சரி, இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அது ஏன் சீஸ் ஆனது? அதைக் கண்டுபிடிக்காமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் சீஸ் ஆகும். நின்று நின்று துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதா, ஓடும்போது பிடித்ததா என்று பிஸ்டன் சொல்லிவிடும். சைலன்சர் பக்கம் நீள நீளமாக உரசல் இருந்தால் ஓட்டத்தில் பிடித்தது. அதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று ஆயில் போகவில்லை. இன்னொன்று எங்கிருந்தோ காற்றை உறிஞ்சுகிறது, அதனால் பெட்ரோல் குறைந்த கலவை எரிந்து சூடேறுகிறது. கிராங்க்கின் இரண்டு பக்க ஆயில் சீலும் இந்த வயதில் கல்லாகியிருக்கும், அதை யோசிக்காமல் மாற்றுங்கள். இது கண்ணுக்குத் தெரியாத ரப்பர், இங்கே ஒரிஜினல் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தம் இல்லை. பேரிங்கும் அப்படியே, நல்ல கம்பெனி பேரிங் புதிதாகப் போடுங்கள்.

என்ஜின் பூட்டிய பிறகு காற்று சோதனை செய்யுங்கள். சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் கார்க்கால் அடைத்து, ஒன்றில் சின்னக் குழாய் விட்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் அந்தக் கைப்பம்ப்பை மாட்டி 300 வரை ஏற்றுங்கள். ஐந்து நிமிடம் முள் அப்படியே நின்றால் நிம்மதியாக ஓட்டலாம். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், எங்கே குமிழி வருகிறதோ அங்கே குறை. பெரிய சாமான் எதுவும் வேண்டாத இந்தச் சோதனையை நம் ஊரில் யாரும் செய்வதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். எத்தனை நல்ல பிளாக்குகள் இதனால் வீணாகப் போயின!

ஆயில் பம்ப் துணியில் சுற்றிக் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது புதையல், தம்பி. யமஹாவின் ஆட்டோலூப் ஆக்சிலேட்டரை முறுக்குகிற அளவுக்குத் தகுந்தபடி ஆயில் கொடுக்கும். கையால் கலப்பதில் அந்த நுணுக்கம் வராது. பம்ப்பைச் சுத்தம் செய்து, ஓரிங் மாற்றி, திரும்பப் பூட்டுங்கள். கேபிளைப் பூட்டியதும் பம்ப் புல்லியில் உள்ள குறியும் ஊசியும் மேனுவலில் சொன்னபடி நேருக்கு நேர் வரவேண்டும். பிறகு ஸ்குரூவைத் திறந்து குழாயில் உள்ள காற்றுக் குமிழிகள் போகும்வரை ஆயிலை ஓடவிட வேண்டும். முதல் டேங்க் பெட்ரோலில் மட்டும் லிட்டருக்கு 20 மில்லி டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கலந்தே ஓட்டுங்கள். பம்ப் வேலை செய்கிறதா என்று ஆயில் டேங்க்கின் மட்டம் குறைவதை வைத்து உறுதி செய்துகொண்ட பிறகு கலப்பதை நிறுத்தலாம்.

அப்புறம் குரோமியம். மேலே பளபளக்கும் குரோமியம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, கனமாக இருப்பது அடியில் உள்ள நிக்கல். நீங்கள் பார்க்கும் புள்ளிகள் அந்தப் படலத்தின் நுண்துளை வழியாக அடி இரும்பு வெளியே வந்து துருவாகி நிற்பது. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது, அதனால் கீறாது, துரு மட்டும் வந்துவிடும். கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்து மெழுகு பூசுங்கள். சின்னச் சின்னப் புள்ளி மிச்சம் இருக்கும். இருக்கட்டும். மறுபடி முலாம் போடக் கொடுத்தால் முதலில் பஃப் வீலில் தேய்த்துத்தான் ஆரம்பிப்பார்கள். அதில் விளிம்பும் முத்திரை எழுத்தும் கரைந்துபோகும். படலம் உரிந்து தகடு தெரிந்தால் மட்டும் கொடுங்கள், கொடுக்கும்போது எழுத்து உள்ள இடத்தைத் தேய்க்கக் கூடாது என்று நேரில் நின்று சொல்லுங்கள்.

ஜப்பான் பீஸ் விஷயம். ஆரம்பத்தில் வந்த வண்டிகள் ஜப்பானிலிருந்து பிரித்த நிலையில் வந்து எஸ்கார்ட்ஸ் ஆலையில் பூட்டப்பட்டவை என்பது உண்மை. பிறகு படிப்படியாக உதிரிகள் இங்கேயே தயாராயின. 1996 வரை உற்பத்தி நடந்தது. ஆனால் இன்று விற்பனைக்கு வருகிற 'ஜப்பான் பீஸ்'களைப் பார்த்தால் அங்கிருந்து வந்ததைவிட அதிகமாக இருக்கும் போலிருக்கிறது. முழு வண்டி பற்றி யாரும் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். பாகம் பாகமாகப் பாருங்கள். கார்புரேட்டர், விளக்குக் கண்ணாடி, மீட்டர், சுவிட்ச், காயில், பேரிங் என்று ஒவ்வொன்றிலும் செய்தவர் முத்திரையும் நாட்டின் பெயரும் வார்ப்பிலோ அச்சிலோ இருக்கும். எது எதில் ஜப்பான் என்று இருக்கிறதோ அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் படமும் எடுத்து வையுங்கள். மெக்கானிக்கிடம் விடுவதற்கு முன்னால் இதைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

கிள்ளான் ஆர்எக்ஸ் (மலேசியா):

கோவை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மலேசியாவில் எங்களுக்கு ஆர்எக்ஸ்-இசட் என்றால் உயிர். 2011 வரை இங்கே புதிதாகவே விற்றார்கள், அதனால் உதிரி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் "அங்கிருந்து பிஸ்டன் செட் வாங்கிவா" என்று கேட்பார்கள். ஆர்எக்ஸ்-இசட் 56-க்கு 54, 133 சிசி. இந்தோனேசியாவின் ஆர்எக்ஸ் கிங் 58-க்கு 50. இரண்டுமே உங்கள் 50 மில்லி பிளாக்குக்கு ஆகாது. பெயரில் ஆர்எக்ஸ் இருக்கிறதே என்று பணம் அனுப்பிவிடாதீர்கள்.

கார்புரேட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் வரும் ரப்பர், ஏர் பில்டர் ரப்பர் இவையெல்லாம் காய்ந்து விறைத்திருந்தால் உடனே தூக்கிப்போட வேண்டாம். விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு பங்கு, ரப்பிங் ஆல்கஹால் மூன்று பங்கு கலந்து மூடியுள்ள டப்பாவில் ஊறவையுங்கள். ஓரிரு நாளில் மென்மையாகிவிடும். வெடிப்பு விட்டிருந்தால் பயனில்லை, அது காற்றை இழுக்கும்.

பொருநைக்கரை (திருநெல்வேலி):

அண்ணன்கள் எல்லாருக்கும் நன்றி. கோவை ஐயா, உங்கள் பதிலை அச்செடுத்து ஷெட் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

எண்ணெய் ஊற்றி வைத்து மெல்ல அசைத்ததில் பிஸ்டன் இறங்கியது. தலையில் 50 என்று இருக்கிறது, சைலன்சர் பக்கம் நீளமான உரசல். அப்படியானால் ஓடும்போது பிடித்ததுதானே? கார்புரேட்டரில் மிக்குனி என்ற பெயருக்குப் பக்கத்தில் ஜப்பான் என்றும் இருக்கிறது, விளக்கில் ஸ்டான்லி. மெக்கானிக் அண்ணனிடமும் பேசினேன். பழையதை வைத்தே செய்யலாம், நேரம் ஆகும் என்று ஒத்துக்கொண்டார்.

இரண்டு சந்தேகம். டேங்க்குக்கு என்ன செய்வது? கிராங்க் கேஸின் (என்ஜினின் அடிக்கூடு) ஓரத்தில் போல்ட் பூட்டும் ஒரு காது உடைந்திருக்கிறது, மெக்கானிக் அண்ணன் வேறு கேஸ் பார்க்கலாமா என்கிறார்.

லேத் பட்டறை (கோயம்புத்தூர்):

கேஸை மாற்றவே கூடாது. என்ஜின் நம்பர் பொறித்திருப்பது அதில்தான். ஆர்சியில் இருப்பதும் அந்த நம்பர்தான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி புதுப்பிக்கும்போது சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் பார்ப்பார்கள், ஒத்துப்போகாவிட்டால் அலைச்சல்தான். அலுமினியம் டிக் வெல்டிங் நன்றாகச் செய்பவரிடம் காதைக் கட்டச் சொல்லுங்கள். பேரிங், சீல் எல்லாம் எடுத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவி, கேஸைச் சூடேற்றிய பிறகு வெல்டிங். இரண்டு பாதிக் கேஸையும் ஒன்றாகப் பூட்டி வைத்து வெல்டிங் செய்தால் முகம் கோணாது. பிறகு மில்லிங்கில் சமன் செய்து துளையிட்டுக்கொள்ளலாம்.

பிஸ்டன் 50 என்றால் பிளாக் இப்போது 50.50-இல் இருக்கிறது. ஆமாம், ஓட்டத்தில் பிடித்ததுதான். அடுத்த படி 0.75. போர் செய்வதற்கு முன்னால் சுவரில் பிஸ்டனின் அலுமினியம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது வெறும் ஒட்டலாக இருந்து சுவர் நன்றாக இருந்தால் காஸ்டிக் சோடாக் கரைசலைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வைத்தால் அலுமினியம் கரைந்துவிடும், இரும்பைத் தொடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ஹெட் மாதிரி அலுமினியப் பாகம் எதன் மேலும் பட்டுவிடக் கூடாது. கழுவி அளந்து பாருங்கள். தேய்மானம் அளவுக்குள் இருந்தால் லேசான ஹோனிங்கும் அதே அளவில் புது பிஸ்டனும் போதும், ஒரு படி மிச்சம்.

டேங்க்குக்கு மின்சாரம்தான் நல்ல வழி. பெட்ரோல் வாடை முழுவதும் போகும்வரை சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவுங்கள். பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பைக் (காக்) கழற்றித் துளையை அடைத்துவிட்டு, தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கலந்து நிரப்புங்கள். வாயின் வழியாக ஒரு சாதாரண இரும்புக் கம்பியை, டேங்க்கைத் தொடாதபடி ரப்பரில் பிடித்து இறக்கி, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் முனையைக் கம்பியிலும் நெகட்டிவ் முனையை டேங்க்கிலும் கொடுங்கள். கம்பி துருவாகிப் புழுதி படியும், அவ்வப்போது எடுத்துச் சுரண்டிவிட்டு மறுபடி இறக்குங்கள். எவர்சில்வர் கம்பி வேண்டவே வேண்டாம், தண்ணீரில் நச்சான குரோமியம் கலந்துவிடும். ஹைட்ரஜன் வாயு வரும், ஆகையால் திறந்த வெளியில் வையுங்கள், சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பைத் தொடுங்கள். அமிலம் மாதிரி இது பெயிண்ட்டைத் தின்னாது, ஆனாலும் வாயைச் சுற்றி மெழுகு தடவி வையுங்கள். முடிந்ததும் கழுவி, ஹேர் டிரையரால் உடனே காயவைத்து, கொஞ்சம் டூடி ஆயில் விட்டுக் குலுக்கி வையுங்கள். இல்லையென்றால் அரை மணி நேரத்தில் செம்மண் நிறத்தில் துரு திரும்பிவிடும்.

இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும். வண்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்தினால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுக் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். பெட்ரோல் டியூபையும் எத்தனால் தாங்குவதாகப் பார்த்துப் புதிதாகப் போடுங்கள்.

செர்ரி சிவப்பைத் தொடாதீர்கள். பாலிஷும் மெழுகும் போதும்.